கலவைச் சிவப்பு ஒயினைச் சுவைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒயின் சுவைக்கும் சிறு கூட்டங்களைப் பல வருடங்களாக நடத்தி வருகிறேன். ஒற்றைத் திராட்சை ஒயினை வைத்தால் எல்லோரும் தைரியமாகப் பேசுகிறார்கள். மூன்று நான்கு திராட்சைகள் கலந்த பாட்டிலைத் திறந்ததும் பாதிப் பேர் அமைதியாகிவிடுகிறார்கள். விடை கண்டுபிடிக்க வேண்டிய பரீட்சை என்று நினைத்துக்கொள்கிறார்கள். கூட்டம் முடிந்து கிளம்பும் நேரத்தில் தனியாக வந்து கேட்ட சந்தேகங்கள்தான் இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். முதலிலிருந்து வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் உள்ள பதில்களில் முன்பு சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை.

பிளெண்ட் என்றால் என்ன? மிச்சம் மீதியை ஒன்றாக ஊற்றிக் கலப்பதா?

இல்லை. பெரும்பாலான இடங்களில் ஒவ்வொரு வகைத் திராட்சையையும் அது பழுக்கும் நேரம் பார்த்துத் தனியாகப் பறிக்கிறார்கள், தனியாக நொதிக்க வைக்கிறார்கள். ஒரே வகையாக இருந்தாலும் தோட்டத்தின் வேறு வேறு துண்டுகளில் விளைந்ததைத் தனித்தனித் தொட்டிகளில் வைப்பதும் உண்டு. அதற்குப் பிறகு ஒரு நாள் மேசையில் இருபது முப்பது மாதிரிகளை வரிசையாக வைத்து, எதில் எவ்வளவு சேர்ப்பது என்று சுவைத்துச் சுவைத்து முடிவெடுக்கிறார்கள். ஒயின் செய்பவரின் வேலையில் இதைவிடக் கவனம் கேட்கும் நாள் வேறு இல்லை.

வேறு வழிகளும் உண்டு. போர்ச்சுகலின் டோரு பள்ளத்தாக்கில் பழைய தோட்டங்களில் பல வகைக் கொடிகளை ஒன்றோடொன்று கலந்தே நட்டிருக்கிறார்கள். அங்கே எல்லாவற்றையும் சேர்த்துப் பறித்துச் சேர்த்தே நொதிக்க வைப்பார்கள். பிரான்சின் கோத்-ரோத்தியில் சிரா என்ற கருந்திராட்சையோடு வியோனியே என்ற வெள்ளைத் திராட்சையை ஒரே தொட்டியில் போடும் பழக்கம் உண்டு. சட்டப்படி 20% வரை போடலாம். வெள்ளையைச் சேர்த்தால் நிறம் வெளுத்துப்போகும் என்றுதான் நினைப்போம். ஆனால் அதிலுள்ள சில பொருட்கள் சிவப்பு நிறமிகளைப் பிடித்து நிறுத்துகின்றன. அளவோடு சேர்த்தால் நிறம் உறுதிப்படுகிறது.

ஒரே திராட்சையில் செய்ததுதானே உயர்ந்தது? கலந்தால் மட்டம்தானே?

இந்த எண்ணத்தை முதலில் கழற்றி வையுங்கள். பிரான்சின் பர்கண்டியில் பினோ நுவார் என்ற திராட்சை தனியாகவே நிற்கிறது. அதே நாட்டின் போர்தோவில் கலவைதான் மரபு. 1855-இல் தரவரிசைப் பட்டியல் போட்டுப் புகழ்பெற்ற மெதோக் பகுதி ஒயின்கள் கலவைகள்தான். ஸ்பெயினின் ரியோஹா, பிரான்சின் ஷாத்தோநெஃப்-து-பாப் போன்ற பெயர்களும் கலவையால் வளர்ந்தவையே. ஷாத்தோநெஃப்பில் 13 வகைத் திராட்சைகளுக்கு அனுமதி உண்டு.

இன்னொன்றையும் கவனியுங்கள். லேபிளில் ஒரே ஒரு திராட்சையின் பெயர் இருந்தாலும் உள்ளே அது மட்டும்தான் இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி 85% இருந்தால் பெயர் போடலாம். அமெரிக்க மத்திய விதிப்படி 75% போதும். ஒற்றைத் திராட்சை என்று நம்பி நீங்கள் ரசித்த ஒயினில் வேறொன்றும் கொஞ்சம் இருந்திருக்கக்கூடும்.

அப்படியானால் எதற்காகக் கலக்கிறார்கள்? சுவைக்காகவா, லாபத்துக்காகவா?

முதல் காரணம் வானிலை. மெர்லோ என்ற திராட்சை சீக்கிரம் துளிர்க்கும், சீக்கிரம் பழுக்கும். அதனால் வசந்தகால உறைபனி அதைத்தான் முதலில் பிடிக்கும். கேபர்நே சோவின்யோன் தாமதமாகத் துளிர்க்கும், தாமதமாகப் பழுக்கும். உறைபனியில் தப்பிவிடும், இலையுதிர்கால மழையில் மாட்டிக்கொள்ளும். இரண்டையும் நட்டுவைத்தவனுக்கு ஒன்று கைவிட்டாலும் இன்னொன்று இருக்கும். 1956 பிப்ரவரியிலும் 2017 ஏப்ரல் கடைசியிலும் போர்தோவை உறைபனி தாக்கியபோது விவசாயிகள் பட்ட பாட்டைப் பார்த்தால் இந்தக் கணக்கு புரியும்.

இரண்டாவது காரணம் சுவை. ஒரு திராட்சையிடம் இல்லாததை இன்னொன்று தரும். இதை அடுத்த பதிலில் விரிவாகச் சொல்கிறேன். விலை மலிவான ஒயின்களில் கையிருப்பைத் தீர்க்கக் கலப்பதும் நடக்கத்தான் செய்கிறது. அதை வைத்துக் கலவை என்ற முறையையே எடைபோடுவது நியாயமில்லை.

எந்தத் திராட்சை எதைக் கொடுக்கிறது? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

சுருக்கமாகச் சொன்னால் பயன்படாது, கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம். கேபர்நே சோவின்யோனின் பழம் சிறியது, தோல் தடிமன். அதனால் துவர்ப்பும் நிறமும் அதிகம். வாயில் போட்டதும் கம்பீரமாக நுழையும், கடைசியில் ஈறுகளைப் பிடிக்கும். ஆனால் நடுவில் கொஞ்சம் வெறுமையாக இருக்கும். அந்த வெறுமையை நிரப்புவது மெர்லோ. சதைப்பற்று, மென்மை, பழுத்த பிளம் பழச்சுவை எல்லாம் அது தருவது. கேபர்நே ஃபிராங் கொஞ்சமாகச் சேர்ந்தாலும் வாசனையை மாற்றிவிடும். பென்சில் சீவிய தூள், இலைப்பச்சை, ஊதாப்பூ என்று மூக்குக்கு வேலை கொடுக்கும். பெத்தி வெர்டோ நன்றாகப் பழுப்பதே அரிது. பழுத்துவிட்டால் இரண்டு மூன்று சதவீதம் போதும், நிறமும் முதுகெலும்பும் வந்துவிடும்.

தென்பிரான்சின் ரோன் பகுதியில் வேறு கூட்டணி. கிரெனாஷ், சிரா, மூர்வேட்ர் மூன்றும் சேர்ந்தால் முதலெழுத்துகளை வைத்து ‘ஜி.எஸ்.எம்.’ என்பார்கள். கிரெனாஷ் இனிய செம்பழ வாசனையும் கூடுதல் ஆல்கஹாலும் தரும். ஆனால் நிறம் வெளிர், காற்றுபட்டால் சீக்கிரம் தளர்ந்துவிடும். சிரா நிறத்தையும் மிளகு வாசனையையும் கொண்டுவரும். மூர்வேட்ர் தோல்பை, ஈர மண் போன்ற ஆழமான வாசனையோடு உறுதியான துவர்ப்பைத் தரும், காற்றையும் தாங்கும். கிரெனாஷின் பலவீனம் என்னவோ அதுதான் மூர்வேட்ரின் பலம். இந்தச் சேர்க்கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்புதான்.

இத்தாலியின் கியாந்தி கிளாசிக்கோவில் சாஞ்சோவேசே 80% குறையாமல் இருக்க வேண்டும். புளிப்பான செர்ரிச் சுவையும் சுறுசுறுப்பும் அதன் குணம். ரியோஹாவில் டெம்ப்ரானியோதான் தலைமை. அதற்குப் புளிப்பு போதாத இடத்தில் கிராசியானோ வந்து கைகொடுக்கும்.

எந்த கிளாஸ், எவ்வளவு குளிர்ச்சி?

அடி அகன்று வாய் குறுகிய எந்த கிளாஸும் போதும். சுவைப்பதற்கென்று 1977-இல் சர்வதேசத் தர நிர்ணயம் செய்த கிளாஸே மொத்தம் 215 மில்லி கொள்வதுதான். அதில் 50 மில்லி மட்டும் ஊற்றுவார்கள். மேலே காலியாக இருக்கும் இடம்தான் வாசனை தங்கும் இடம். விளிம்புவரை ஊற்றினால் அந்த இடம் போய்விடும்.

குளிர்ச்சி 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். ‘சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும்’ என்று சொல்லிவைத்தது குளிரான கல்வீடுகளை வைத்து. 28 டிகிரியில் வைத்தால் ஆல்கஹால் மட்டும் முன்னால் வந்து மூக்கை எரிக்கும். மிகவும் குளிரவைத்தால் துவர்ப்பு முரட்டுத்தனமாகத் தெரியும், வாசனை மூடிக்கொள்ளும். கலவை ஒயினுக்கு இது இன்னும் முக்கியம். வெப்பநிலை தப்பினால் ஒரு திராட்சையின் குரல் மட்டும் ஓங்கி மற்றவை அடங்கிவிடும்.

கிளாஸைச் சுழற்றுவது பந்தாவுக்கா?

வாசனை காற்றில் எழும்ப வேண்டும், அதற்குத்தான். சுழற்றும்போது ஒயின் கிளாஸின் உள்சுவர் முழுக்கப் படர்கிறது, ஆவியாகும் பரப்பு பெருகுகிறது. முதலில் சுழற்றாமல் ஒரு முறை முகர்ந்து பாருங்கள். அப்புறம் மூன்று சுற்று சுற்றிவிட்டு இன்னொரு முறை. அந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடே ஒரு பாடம். மெல்லிய பூ வாசனைகள் பெரும்பாலும் முதல் முகர்விலேயே வந்துபோகும்.

கிளாஸ் ஓரமாக வழிகிற ‘கண்ணீர்’ நல்ல ஒயினுக்கு அடையாளமா?

இல்லை. ஆல்கஹால் வேகமாக ஆவியாகும்போது பரப்பு இழுவிசை மாறி, மெல்லிய படலம் மேலே ஏறித் துளியாக வழிகிறது. 1855-இல் ஜேம்ஸ் தாம்சன் என்ற இயற்பியலாளர் இதை விளக்கிவிட்டார். ஆல்கஹால் எவ்வளவு என்பதற்கு ஒரு குறிப்பு கிடைக்கும், தரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.

நிறத்தைப் பார்த்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

வெள்ளைத் தாளின் மேல் கிளாஸைச் சாய்த்துப் பிடியுங்கள். நடுப்பகுதியைவிட விளிம்பைப் பாருங்கள். ஊதா கலந்த சிவப்பென்றால் இளசு. செங்கல் நிறம் எட்டிப்பார்த்தால் வயதாகியிருக்கிறது, அல்லது கிரெனாஷ் போல இயல்பிலேயே சீக்கிரம் நிறம் மாறும் வகை நிறைய இருக்கிறது. தாளில் எழுதிய எழுத்து ஒயின் வழியே தெரிகிறதா என்றும் பாருங்கள். சுத்தமாகத் தெரியவில்லை என்றால் சிராவோ மால்பெக்கோ பெத்தி வெர்டோவோ இருக்க வாய்ப்பு அதிகம்.

நிறத்தோடு ஒரு எச்சரிக்கையும் வேண்டும். 2001-இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து ஒயினியல் மாணவர்கள் 54 பேரிடம் கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வர்ணித்தார்கள். பயிற்சி பெற்றவர்களின் மூக்கையே கண் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால் நிறத்தைக் குறித்துக்கொண்டு, முகரும்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

எல்லோரும் என்னென்னவோ சொல்கிறார்கள். எனக்கு ஒயின் வாசனை மட்டும்தான் வருகிறது. என் மூக்கில் கோளாறா?

கோளாறு எதுவும் இல்லை. வாசனை தெரிகிறது, பெயர்தான் வரவில்லை. தெரிந்த முகம், பெயர் நாக்கு நுனியில் நிற்கிறது என்போமே, அதேதான். பெயரைத் தேடாமல் முதலில் கேள்வியைப் பெரிதாக வையுங்கள். பழமா, பூவா, மசாலாவா, மண்ணா, மரமா? பழம் என்றால் சிவப்பா கறுப்பா? புதிதா, காய்ந்ததா, வேகவைத்ததா? இப்படி இறங்கி வந்தால் பெயர் தானாக வரும். 1984-இல் ஆன் நோபல் என்ற ஒயின் ஆய்வாளர் வெளியிட்ட வாசனைச் சக்கரமும் இதே வழியில்தான் போகிறது. நடுவில் பொதுவான சொல், வெளியே போகப் போகக் குறிப்பான சொல்.

சில வாசனைகள் சிலருக்கு வரவே வராது என்பதும் உண்மை. சிராவின் மிளகு வாசனைக்குக் காரணம் ரோட்டண்டோன் என்ற பொருள் என்று 2008-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். கறுப்பு மிளகில் இருப்பதும் அதே பொருள்தான். ஐந்தில் ஒருவருக்கு அது அளவு கூடினாலும் தெரிவதில்லை. பக்கத்தில் இருப்பவர் மிளகு என்று சொல்லி உங்களுக்கு வரவில்லை என்றால் வருத்தப்பட ஒன்றுமில்லை.

பிளாக்பெர்ரி, கருப்பு கரன்ட் எல்லாம் நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. என்ன செய்வது?

உங்களுக்குத் தெரிந்த பெயரைச் சொல்லுங்கள். கறுத்த பழம், கொஞ்சம் துவர்ப்பு, கொஞ்சம் புளிப்பு என்றால் ‘நாவல் பழம் போல’ என்று எழுதுவதில் எந்தத் தப்பும் இல்லை. அடுத்த முறை அதே வாசனை வரும்போது உங்களுக்கு அடையாளம் தெரிய வேண்டும், குறிப்பு எழுதுவதே அதற்குத்தான். பச்சைக் குடைமிளகாய் (கேபர்நே வகைகளில் உள்ள பைரசின் என்ற பொருள் தருவது), கிராம்பு, வெனிலா (இரண்டும் ஓக் பீப்பாயிலிருந்து வருபவை), மிளகு ஆகிய நான்கையும் சமையலறையிலேயே முகர்ந்து பழகலாம். இந்த நான்கு கைவசமானால் கலவை ஒயினில் பாதி வாசனை பிடிபட்டுவிடும்.

வாயில் எப்படி வைத்துச் சுவைக்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள். ஒரு தேக்கரண்டியைவிடச் சற்றே கூடுதலாக எடுங்கள். உடனே விழுங்க வேண்டாம். நாக்கின் மேல் பரவவிட்டு, ஈறுகளையும் கன்னத்தின் உட்புறத்தையும் தொடவிட்டு, பத்து விநாடி வைத்திருங்கள். உதடுகளைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உள்ளே இழுங்கள். வாசனை தொண்டைவழியாக மூக்குக்கு ஏறும். நாம் ‘சுவை’ என்று சொல்வதில் பெரும்பங்கு அப்படி ஏறும் வாசனைதான்.

அந்தப் பத்து விநாடியை மூன்றாகப் பிரித்துக் கவனியுங்கள். தொடக்கத்தில் பழமும் புளிப்பும் எப்படி வந்தன? நடுவில் வாய் நிறைந்ததா, பள்ளம் விழுந்ததா? விழுங்கிய பிறகு என்ன தங்கியது, எத்தனை விநாடி தங்கியது? ஒற்றைத் திராட்சை ஒயினில் இந்த மூன்றில் ஏதாவது ஒன்று மேலோங்கி நிற்பது சாதாரணம். கலவையில், ஒன்று முடியும் இடத்தில் இன்னொன்று ஏந்திக்கொள்ள வேண்டும். பல புரிகளை முறுக்கிய கயிறு மாதிரி. ஒரு புரி எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்கியது என்று தெரியாமல் கை வழுக்கிக்கொண்டே போக வேண்டும். கலவையைச் சுவைக்கும்போது நான் திராட்சைகளைத் தேடுவதில்லை, அந்த இணைப்புகளைத்தான் தேடுகிறேன்.

துவர்ப்பு, கசப்பு, புளிப்பு மூன்றும் எனக்குக் குழம்புகிறது.

தமிழில் துவர்ப்புக்கு அறுசுவையில் ஓர் இடம் உண்டு, அது நமக்கு ஒரு வசதி. உண்மையில் அது ஒரு தொடு உணர்வு. தோலிலும் விதையிலும் காம்பிலும் உள்ள டானின், எச்சிலில் உள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. வழுவழுப்பு போய் வாய் வறண்டு இழுத்துப்பிடிக்கிறது. விழுங்கிய பிறகு நாக்கை மேலண்ணத்தில் தேய்த்துப் பாருங்கள். சொரசொரவென்று இருந்தால் அது துவர்ப்பு. தாடை ஓரத்தில் எச்சில் ஊறினால் புளிப்பு. விழுங்கியபின் நாக்கின் பின்பக்கம் ஒரு பிடிவாதம் நின்றால் கசப்பு.

துவர்ப்பின் அளவைவிட அதன் தரத்தைக் கவனிப்பதுதான் சுவாரசியம். சில ஒயின்களில் மெல்லிய பொடி மாதிரி படரும், சிலவற்றில் உப்புத்தாள் மாதிரி உரசும். கேபர்நேயின் உரசலை மெர்லோ எப்படி மட்டுப்படுத்துகிறது என்று கைமேல் பார்க்க, கீழே ஒரு சோதனை சொல்லியிருக்கிறேன்.

கலவையில் என்னென்ன திராட்சை இருக்கிறது என்று சுவைத்தே சொல்ல முடியுமா?

எந்தப் பாணி என்று ஊகிக்கலாம். போர்தோ பாணியா, ரோன் பாணியா என்ற அளவுக்குப் பழகியவர்களுக்குப் பெரும்பாலும் பிடிபடும். அதற்குமேல் ‘இதில் 15% கேபர்நே ஃபிராங்’ என்று சொல்வது பெரும்பாலும் ஊகமே.

காரணம் இருக்கிறது. 1997-இல் வெளியான மரபணு ஆய்வு, கேபர்நே சோவின்யோன் என்பது கேபர்நே ஃபிராங்குக்கும் சோவின்யோன் பிளாங் என்ற வெள்ளைத் திராட்சைக்கும் பிறந்த பிள்ளை என்று காட்டியது. மெர்லோவுக்கும் கேபர்நே ஃபிராங்தான் பெற்றோரில் ஒன்று. அப்படியானால் போர்தோ கலவையில் ஒரு பெற்றோரும் இரண்டு பிள்ளைகளும் ஒரே கிளாஸில் இருக்கிறார்கள். சாயல் கலந்துதான் இருக்கும். சிலி நாட்டில் மெர்லோ என்று நினைத்துப் பல தலைமுறைகளாக வளர்த்த கொடிகளில் பெரும்பகுதி கார்மெனேர் என்ற வேறு வகை என்று 1994-இல்தான் தெரிந்தது. கொடியைத் தினமும் தொட்டவர்களுக்கே அப்படி என்றால், கிளாஸை வைத்துக்கொண்டு நாம் தவறுவதில் வெட்கப்பட எதுவுமில்லை.

லேபிளில் 70–25–5 என்று போட்டிருக்கிறது. அந்த 5% உண்மையிலேயே தெரியுமா?

வீட்டிலேயே செய்து பாருங்கள். நான் எத்தனை விளக்கம் சொன்னாலும் இந்த ஒரு சோதனைக்கு ஈடாகாது. ஒரு மெர்லோ, ஒரு கேபர்நே சோவின்யோன், ஒரு சிரா வாங்குங்கள். மருந்து கொடுக்கும் ஊசியில்லாத சிரிஞ்ச், 10 மில்லி அளவுள்ளது ஒன்று போதும். முதல் கிளாஸில் 100 மில்லி மெர்லோ மட்டும். இரண்டாவதில் 70 மெர்லோ, 30 கேபர்நே. மூன்றாவதில் 70 மெர்லோ, 25 கேபர்நே, 5 சிரா. ஒவ்வொன்றையும் நன்றாகச் சுழற்றிப் பத்து நிமிடம் விடுங்கள்.

முதலாவது உருண்டையாக, இதமாக இருக்கும், கடைசியில் சட்டென்று அறுந்துவிடும். இரண்டாவதில் முடிவு நீளும், ஈறு லேசாகப் பிடிக்கும். மூன்றாவதில் வாயில் பெரிய மாற்றம் இருக்காது, ஆனால் மூக்குக்கு ஏதோ ஒன்று கூடியிருக்கும். ஒருமுறை கூட்டத்துக்கு வந்த ஒரு பெண்மணி இந்த மூன்றாவது கிளாஸை முகர்ந்துவிட்டு, ‘இரண்டாவதுதான், ஆனால் ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி இருக்கிறது’ என்றார். 5 மில்லி செய்யும் வேலையை அவ்வளவு துல்லியமாக வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மனப்பிரமையா என்று சந்தேகம் வந்தால், இரண்டு கிளாஸில் இரண்டாவது கலவை, ஒரு கிளாஸில் மூன்றாவது கலவை ஊற்றி, வேறொருவரை இடம் மாற்றி வைக்கச் சொல்லுங்கள். எது வேறு என்று கண்ணை மூடிக் கண்டுபிடியுங்கள். குருட்டாம்போக்கில் ஒருமுறை சரியாகச் சொல்ல மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு. மூன்றுமுறை தொடர்ந்து சரியென்றால் அது 27-இல் ஒன்று. அப்போது உங்கள் மூக்கை நம்பலாம்.

நல்ல கலவை, சுமாரான கலவை என்று எதை வைத்துச் சொல்வது?

முன்பு சொன்ன இணைப்புகள்தான் முதல் அளவுகோல். சுமாரான கலவையில் பழம் ஒருபக்கம், மர வாசனை ஒருபக்கம், ஆல்கஹால் சூடு ஒருபக்கம் என்று தனித்தனியாக நிற்கும். ஒவ்வொன்றும் குறையில்லாமல் இருந்தும் சேர்ந்திருக்காது.

இரண்டாவது, நேரம். கிளாஸில் வைத்து ஒரு மணி நேரம் விட்டுவிட்டுப் பாருங்கள். நல்ல கலவை மாறிக்கொண்டே இருக்கும். முதலில் பழம் பேசும், கொஞ்ச நேரத்தில் மசாலா, பிறகு இலையும் மண்ணும். அதனால் ஒரே மூச்சில் தீர்ப்புச் சொல்லாமல், பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வரி எழுதுங்கள். எழுதாவிட்டால் மாறியதே தெரியாமல் போய்விடும்.

வேறு ஜாடியில் ஊற்றிக் காற்றுபட வைக்க வேண்டுமா?

இரண்டு காரணங்களுக்கு. பழைய பாட்டிலில் அடியில் வண்டல் படிந்திருந்தால், அதைப் பிரிக்க மெதுவாக ஊற்றுங்கள், ஊற்றியதும் சுவையுங்கள். இளமையான, துவர்ப்பு மிகுந்த கலவை என்றால் முக்கால் மணி நேரம் காற்றுபட வையுங்கள். கிரெனாஷ் மேலோங்கிய கலவைக்கு அவ்வளவு நேரம் தேவைப்படாது. காரணம் திராட்சைகளைப் பற்றிய பதிலிலேயே இருக்கிறது.

ஏதோ நாற்றம் அடிக்கிறது. கெட்டுவிட்டதா, இல்லை ‘மண் வாசனை’ என்பது இதுதானா?

நனைந்த அட்டைப்பெட்டி, பூசணம் பிடித்த துணி மாதிரி இருந்து, பழ வாசனையும் செத்துப்போயிருந்தால் அது கார்க் கோளாறு. டி.சி.ஏ. என்ற பொருள் லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே போதும். நேரம் போகப் போக அது கூடும், குறையாது. காடி வாசனையோ நகப்பூச்சு நீக்கும் திரவ வாசனையோ மூக்கைத் துளைத்தால் பாக்டீரியாவின் வேலை. பழம் வதங்கி, நறுக்கி வைத்த ஆப்பிள் போல இருந்தால் காற்று புகுந்திருக்கிறது. அணைத்த தீக்குச்சி வாசனை மட்டும் வேறு ரகம், சுழற்றினால் பெரும்பாலும் போய்விடும்.

சிக்கலானது தொழுவ வாசனை. பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட் அதைத் தருகிறது. மூர்வேட்ர் கலந்த ஒயின்களில் இயல்பாகவே தோல், விலங்கு வாசனை உண்டு என்பதால் இரண்டையும் பிரிப்பது கடினம். என் கணக்கு இது: அந்த வாசனைக்குப் பின்னால் பழம் தெரிகிறதா? தெரிந்தால் அது குணம். பழத்தை மூடிவிட்டால் குறை.

லேபிளில் ‘ரெட் பிளெண்ட்’ என்று மட்டும் இருக்கிறது, சுவைத்தால் இனிக்கிறது. இது சரியா?

நொதிக்கும்போது சர்க்கரை முழுதும் ஆல்கஹாலாக மாறாமல் கொஞ்சம் நிற்கும்படி விட்டிருப்பார்கள், அல்லது திராட்சைச் சாறு சேர்த்திருப்பார்கள். பிடித்தால் குடிப்பதில் தவறில்லை. ஆனால் இனிப்பு எல்லாச் சந்துகளையும் பூசி மறைத்துவிடும். கலவையைக் கற்றுக்கொள்ள அது உதவாது. பழ வாசனையால் இனிப்பு போலத் தோன்றுகிறதா, உண்மையிலேயே இனிப்பா என்று பார்க்க மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் சுவையுங்கள். அப்போதும் இனித்தால் சர்க்கரைதான்.

துப்பத்தான் வேண்டுமா? தலைவலி வருவது எதனால்?

ஆறேழு ஒயின்களைச் சுவைக்கும் இடத்தில் துப்புங்கள். மூன்றாவது கிளாஸுக்குப் பிறகு விழுங்குபவரின் குறிப்புகள் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். துப்பினாலும் கொஞ்சம் உடம்பில் சேரும், அதனால் வண்டி ஓட்ட வேண்டாம்.

தலைவலிக்குப் பலரும், ஒயின் கெடாமல் இருக்கச் சேர்க்கும் சல்ஃபைட்டைக் குற்றம் சொல்கிறார்கள். ஐரோப்பிய விதிகளில் இனிப்பற்ற சிவப்பு ஒயினுக்கு லிட்டருக்கு 150 மில்லிகிராமும், இனிப்பற்ற வெள்ளைக்கு 200-உம் உச்சவரம்பு. சிவப்பில் மட்டும் தலைவலிப்பவருக்கு அந்தக் காரணம் பொருந்தவில்லை. திராட்சைத் தோலில் உள்ள குவெர்செட்டின், ஆல்கஹால் சிதைவதைத் தடுக்கலாம் என்று 2023-இல் கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். எப்படியானாலும், வலி வருகிறது என்றால் அந்த ஒயினை விடுங்கள்.

போன வருடம் வாங்கிய அதே பண்ணை, அதே பெயர். இந்த முறை வேறு மாதிரி இருக்கிறது. ஏமாற்றா?

பாட்டிலின் பின்பக்கத்தில் விளைச்சல் ஆண்டையும் சதவீதத்தையும் பாருங்கள். வானிலையைப் பற்றி முன்பு சொன்னது இங்கேதான் கண்முன் வருகிறது. மெர்லோவை உறைபனி அடித்த ஆண்டில் கேபர்நேயின் பங்கு ஏறும், ஒயின் இறுக்கமாக இருக்கும். மழை கெடுத்த ஆண்டில் மெர்லோ ஏறும், மென்மையாக, சீக்கிரமே குடிக்கத் தக்கதாக இருக்கும். ஒரே பண்ணையின் இரண்டு ஆண்டுப் பாட்டில்களை அருகருகே திறந்து வைத்தால் அந்த இரண்டு வருடத்து வானமும் தெரியும். வசதிப்பட்டால் ஒருமுறை செய்து பாருங்கள்.

பாதி பாட்டில் மிச்சம். மறுநாள் சுவைத்தால் ஏதாவது தெரியுமா, இல்லை வீண்தானா?

வீண் இல்லை, நான் வேண்டுமென்றே மிச்சம் வைப்பேன். இறுக மூடிக் குளிர்பெட்டியில் வைத்து, சுவைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெளியே எடுங்கள். முதல் நாள் பளிச்சென்று முன்னால் நின்ற பழவாசனை அடங்கியிருக்கும். காற்றைத் தாங்காத திராட்சை பின்வாங்கியிருக்கும், தாங்குவது முன்னால் வந்திருக்கும். முதல் நாள் எழுதிய குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுவையுங்கள். நேற்று ஒட்டிக்கிடந்த இடங்களில் எது விலகியிருக்கிறது, எது இன்னும் சேர்ந்தே நிற்கிறது என்று தெரியும்.